பிளாஸ்திரியில் எழுதிய பெயர்

சத்தீஸ்கர், ரிக் கேம்ப்
20.9.2021

கோகிலவாணிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நான்கு மாதமாகக் கேட்காத அண்ணன் இப்போது கேட்டால் அது பொய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீயும் கத்துவாய், கூட இருக்கிற ஏழு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். திருச்செங்கோட்டிலிருந்து போர்க்கிணறு போடுகிற ராடும் பிட்டும் ஏற்றிக்கொண்டு மாதம் ஒரு தரம் லாரி வருகிறது. டிரைவர் ஈஸ்வர் நம்மூர்க்காரன், உன் கையில் கொடுப்பான். பதில் எழுதினால் அவனிடமே கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா எங்கே?

பைத்தியக்காரக் கேள்விதான். மே பத்தொன்பதாம் தேதி அம்மாவை நம் காட்டோரம் புதைத்தாய். நான் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நின்று நீ அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். மூட்டை கட்டின மாதிரி ஒரு நீலப்பை. அதற்குள் அம்மா என்று நீ சொன்னாய், நானும் நம்பினேன்.

இங்கே கேம்பில் டவர் கிடையாது. டீசல் வாங்கப் போகிற வழியில் ஒரு மேடு வரும். அதில் ஏறியதும் ஒரு வாரத்து மெசேஜ் எல்லாம் ஒரேயடியாக வந்து விழும். போன வியாழக்கிழமை விழுந்ததில் ஒன்று அம்மாவின் பெயரில் இருந்தது. சாலம்மாள், வாழ்த்துகள், உங்களுக்குக் கொரோனா தடுப்பூசி முதல் தவணை 12.9.2021 மாலை 6.42-க்குச் செலுத்தப்பட்டது. இங்கிலீஷில் இருந்ததால் எனக்குப் புரிந்ததை நம்பாமல் மேனேஜரிடம் காட்டினேன். "யாருப்பா, உங்கம்மாவா? பரவால்ல, ஊசி போட்டுக்கிட்டாங்களே" என்றார். அவர் புதிதாக வந்தவர், நம் வீட்டுச் சாவு அவருக்குத் தெரியாது. நான் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் தப்பாகிவிட்டது. அப்படி வாய்விட்டுச் சொன்ன பிறகு அன்று சாயங்காலம் வரை அம்மா உயிரோடு இருப்பதாகவே எனக்குப் பட்டது. சாப்பிடும்போது, அம்மாவிடம் கேட்டு அவள் வைக்கிற புளிக்குழம்பை எப்படி வைப்பது என்று சமையல்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

இந்த ஊர் ஒரு மாதிரி ஊர். ஐந்நூற்றைம்பது அடி போட்டும் புழுதிதான் பறக்கிறது. இருபது வீட்டில் எட்டு பூட்டிக் கிடக்கிறது. இலுப்பை மரத்தடியில் புதுமண் மேடு பதினொன்று எண்ணினேன். என்ன நோய் என்று கேட்டால் காய்ச்சல் என்கிறார்கள். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, ஆகவே எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. இங்கே செத்தவர்கள் சாகாமல் இருக்கிறார்கள், நம்மூரில் செத்த அம்மா ஊசி போட்டுக்கொள்கிறாள். நீ அந்தக் கம்ப்யூட்டரில்தானே வேலை பார்க்கிறாய். பதில் சொல்.

தனசேகர்


மேட்டுக்காடு, புதுச்சத்திரம் வழி
5.10.2021

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஈஸ்வர் கொடுத்துவிட்டுப் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனிடமும் ஏதோ சொல்லியிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். புதைத்த இடத்தில் இருக்கிறாள். வேறெங்கே போவாள்?

அது கம்ப்யூட்டர் தப்பு. செப்டம்பர் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊரெல்லாம் பெரிய முகாம். எங்கள் சுகாதார நிலையத்தில் நான் ஒருத்திதான் பதிவு. காலை ஏழு மணியிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் பேர். பட்டியலில் ஊசி போடாதவர்கள் பெயர் சிவப்பாக வரும், போட்டதும் பச்சையாகும். சாயங்காலம் சிவப்பு ஏன் மிச்சம் இருக்கிறது என்று மேலிருந்து போன் மேல் போன். அந்த அவசரத்தில் ஏதோ ஒரு பெயர் மாறி ஏறிவிட்டது. அம்மாவுக்கு ஏப்ரலில் பதிந்தபோது உங்கள் நம்பரைக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்துக் கேள்வி கேட்கிறவர் அன்று எங்கே இருந்தீர்கள்? அம்மாவின் விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் எண்பத்திரண்டு காட்டியது. 108-க்குச் சொல்லி ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். கடைசியில் மாட்டுத்தீவனம் ஏற்றுகிற வண்டியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்துக்கொண்டு போனேன். முதல் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. இரண்டாவதில் கட்டில் இருந்தது, ஆனால் அவர்கள் கேட்ட முன்பணம் நம் காட்டை விற்றாலும் வராது. மூன்றாவதாகத்தான் அந்தக் கல்யாண மண்டபம். கட்டில் போட்டு வார்டாக்கியிருந்தார்கள். மேடையில் பிளாஸ்டிக் பூ வளைவு அப்படியே நின்றது, கடைசியாகக் கல்யாணம் ஆனவர்களின் பெயர்கூட எடுக்கப்படவில்லை. அதன் அடியில் ஆக்ஸிஜன் உருளைகளை அடுக்கியிருந்தார்கள்.

கூட இருக்க விடவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், மேசையில் இருக்கிற ஆளிடம் கேட்க வேண்டும், அவள் உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்வாள். மூன்று நாள் அப்படி நின்றேன். மூன்றாம் நாள் போய்விட்டாள் என்றார்கள். வாங்கினேன், வந்தேன், புதைத்தேன். ஊர் மயானத்தில் வேண்டாம் என்று ஊரே சொன்னது. மாரியப்ப மாமா ஒருத்தர்தான் மண்வெட்டியோடு வந்தார்.

இனி அப்படி மெசேஜ் வந்தால் அழித்துவிடுங்கள்.

கோகிலவாணி


சத்தீஸ்கர், ரிக் கேம்ப்
30.10.2021

கோகிலா,

என்னை எப்போதிருந்து நீங்கள் போட ஆரம்பித்தாய்? சின்ன வயதில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு "டேய் அண்ணா" என்றவள் நீ. மரியாதையாகப் பேசினால் எதையோ மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி. இதுவரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது, ஒவ்வொரு தடவையும் பையைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை குழியைப் பார்த்தேன்.

முதலில் மாமாவும் வண்டி டிரைவரும் பையை இறக்குகிறார்கள். அது இறங்கவில்லை. ஒரு முனை கரையில் இடிக்கிறது. மறுபடி மேலே தூக்குகிறார்கள். மாரியப்ப மாமா உள்ளே குதித்துத் தலைமாட்டில் ஒரு முழம் கூட வெட்டுகிறார். ரிக் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, காதில் வைத்துக் கேட்டேன். மாமா முனகுவது கேட்கிறது: "அளவாத்தான வெட்டுனேன்... சாலம்மாக்கா இத்தன நெட்டை இல்லியே."

அம்மா என் நெஞ்சு உயரம்தான், கோகிலா. பரணில் இருக்கிற அண்டாவை எடுக்க முக்காலி போட்டு ஏறுவாள். மாமா முப்பது வருடம் அவளோடு ஒரே காட்டில் களை எடுத்தவர். அவர் அளவு தப்புமா?

இன்னொன்றும் சொல்கிறேன். அதே வாரம் எங்கள் ரிக் முதலாளிக்கும் அதே நோய். கோயமுத்தூரில் ஒரு மணி நேரத்தில் கட்டில் கிடைத்தது. அவர் கையில் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் அச்சடித்த பட்டை கட்டியிருந்ததாம். தினமும் சாயங்காலம் மகளுக்கு வீடியோ கால், பக்கத்தில் டாக்டர். அவர் வீட்டில் யாரும், அவர்தானா இது என்று சந்தேகப்பட வேண்டிய நிலை வரவில்லை. நம்மைப் போன்றவர்களுக்குத்தான் முகத்தைக் காட்டாமல் பையைக் கொடுக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் கம்ப்ரசர் நின்றதும் ஒரே அமைதி. போட்டுப் பாதியில் விட்ட குழியின் வாயில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து காற்று மேலே வந்தது, யாரோ மூச்சு விடுகிற மாதிரி நின்று நின்று வந்தது. எனக்குப் பயமில்லை. ஆனால் வேலை ஓடவில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். வந்து அந்த இடத்தைத் தோண்டிப் பார்ப்பேன். ஊர் என்ன சொன்னாலும் சரி. அதற்கு முன் நீயே சொல்லிவிட்டால் நல்லது.

தனசேகர்


மேட்டுக்காடு
16.11.2021

அண்ணா,

தோண்டாதே. சொல்லிவிடுகிறேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதே கை வியர்க்கிறது, எழுத்து கலைந்தால் திட்டாதே.

அன்று காலை கேட்டில் நல்ல கூட்டம். மேசையில் கந்தம்மாள் என்று ஒரு அம்மா. அந்த மண்டபத்தில் கல்யாணங்களுக்குப் பாத்திரம் கழுவியவள், ஆள் கிடைக்காமல் அவளையே வார்டு வேலைக்கு வைத்துவிட்டார்கள். அறுபது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ், இவள் ஒருத்தி. ஒவ்வொருவர் கையிலும் பிளாஸ்திரி ஒட்டி அதில் பேனாவால் பெயர் எழுதியிருப்பார்கள். உன் முதலாளிக்கு அச்சடித்த பட்டை, நமக்கு அது.

நான் இரண்டு மாஸ்க், அதன்மேல் பிளாஸ்டிக் தடுப்பு. அவளும் அப்படியே. அழுது அழுது தொண்டை வேறு கட்டியிருந்தது. "ஆரப் பாக்கோணுஞ் சாமி?" என்றாள்.

"எங்கம்மாங்க" என்றேன்.

அவ்வளவுதான் அண்ணா நான் சொன்னது. எங்கம்மா என்று சொன்னேன். அவள் காதில் அங்கம்மா என்று விழுந்திருக்கிறது. உள்ளே போனாள், வந்தாள். "அங்கம்மாவா? வெடியால நாலரைக்கே போயிருச்சு சாமி" என்றாள். போயிருச்சு என்ற சொல் விழுந்த பிறகு அதற்கு முந்தைய சொல் யார் காதில் ஏறும்? அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பையைக் கொடுத்தபோது அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அங்கம்மாள் என்று இருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பெயரைத் தப்பாகக் கேட்டு எழுதிவிட்டாள் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க வைத்துக்கொண்டேனா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியவில்லை. பின்னால் முப்பது பேர் வரிசை. வண்டியில் ஏற்கெனவே இரண்டு பைகள், டிரைவர் "ஏறுங்க அம்மிணி, ஏறுங்க" என்று அவசரப்படுத்துகிறார். சொன்னால் இருக்கச் சொல்வார்கள். சீட்டைக் கிழித்துச் சுருட்டிப் போட்டேன். படிவத்தில் சாலம்மாள் என்று என் கையால் எழுதி, அம்மாவின் ஆதார் நகலை இணைத்துக் கையெழுத்துப் போட்டேன். குழி பத்தாதபோது மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மண்ணத் தள்ளுங்க மாமா" என்றேன்.

ஆகஸ்டில் அந்த மண்டபத்தின் இறப்புப் பட்டியல் பதிவு செய்ய எங்கள் நிலையத்துக்கு வந்தது. தட்டிக்கொண்டே வருகிறேன். அங்கம்மாள், அறுபது, தம்மம்பட்டி, இறந்த நாள் 28.5.2021. அங்கம்மாள் இருபத்தெட்டாம் தேதி இறந்திருந்தால், பத்தொன்பதாம் தேதி நான் கிழித்த சீட்டில் இருந்தது யார்?

கந்தம்மாளின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். பாவம், ஒளிக்கவில்லை. "பேப்பர்ல சாலம்மா செத்துப்போச்சுன்னு இருந்துச்சு சாமி. அப்ப கட்டல்ல கெடக்கறது அங்கம்மாதான? நாந்தான் பிளாஸ்திரிய மாத்தி எழுதி ஒட்டுனேன். ஒட்டறப்ப அந்தம்மா தலைய தலைய ஆட்டுச்சு. மாஸ்க்குக்குள்ள என்னமோ சொல்லுச்சு. நோவுல பெனாத்துதுன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு இதையும் சொன்னாள்: "அங்கம்மான்னு கூப்புட்டா மொதல்ல திரும்பல. நாலாம் நாளு திரும்புச்சு."

நான் வீட்டில் பால் ஊற்றி, தலை முழுகி, போட்டோவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த ஒன்பது நாளும் அம்மா அங்கே உயிரோடு படுத்திருந்தாள். என் வாயில் வந்த ஒரு சொல்லால், என் கையெழுத்தால்.

இப்போது ஊசி. முகாமன்று கடைசியில் ஒரே ஒரு பெயர் சிவப்பாக நின்றது. சாலம்மாள். இறந்துவிட்டார் என்று அழுத்தினால் தேதி கேட்கும். எந்தத் தேதியைப் போடுவேன்? பத்தொன்பது என்று இன்னொரு தரம் அழுத்த என்னால் ஆகவில்லை. போட்டாயிற்று என்பதை அழுத்தினேன், பெயர் பச்சையானது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் நம்பருக்குத்தான் மெசேஜ் போகும் என்று எனக்குத் தெரியும் அண்ணா. நீயாவது கேட்கமாட்டாயா என்று இருந்தது.

கோகிலா


சத்தீஸ்கர், ரிக் கேம்ப்
19.12.2021

கோகிலா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். முதல் தாளில் உன்னை அம்மாவைக் கொன்றவள் என்று எழுதினேன். அதைக் கிழித்தது நீ தங்கை என்பதால் அல்ல. நானும் ஒன்று மறைத்திருக்கிறேன்.

ஊரடங்கில் இ-பாஸ் கிடைக்கவில்லை, அதனால் வர முடியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். கிடைத்தது. அம்மாவைச் சேர்த்த மறுநாளே, மே பதினேழு, போனில் வந்தது. ஈஸ்வர் லாரி இங்கேதான் நின்றது. "வாண்ணா, ரெண்டு நாள்ல கொண்டுபோய் எறக்கி உட்டர்றேன்" என்றான். நான் ஏறவில்லை. அந்த வாரம் எங்கள் கேம்பில் பக்கத்துப் படுக்கைக்காரன் மூச்சுத் திணறிச் செத்தான். வழியில் எனக்கும் வந்தால் எந்த ஊரில், எந்த மரத்தடியில் போடுவார்கள் என்று பயம். பயந்தேன், கோகிலா. வந்திருந்தால் பத்தொன்பதாம் தேதி கேட்டில் உன் பக்கத்தில் நின்றிருப்பேன். உன் தொண்டை கட்டியிருந்தால் நான் சொல்லியிருப்பேன். சாலம்மாள் என்று பெயரைச் சொல்லியிருப்பேன்.

பதினோராம் தேதி மேட்டில் ஏறியபோது மறுபடி வந்தது. சாலம்மாளுக்கு இரண்டாம் தவணையும் செலுத்தப்பட்டதாம். சான்றிதழை எடுத்துக்கொள்ளச் சொல்லி இருந்தது. அழுத்தினேன். அம்மாவின் பெயர், வயது ஐம்பத்தெட்டு, முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவர். இதையும் நீதான் செய்தாயா? எதற்கு?

அந்தப் பதினொரு மேட்டு ஊரில் கடைசியில் எழுநூற்றுப் பத்து அடியில் தண்ணீர் வந்தது. ஊரில் மிச்சம் இருந்தவர்கள் வந்து குடத்தில் பிடித்து முதலில் அந்த மேடுகளின்மேல் ஊற்றினார்கள். எந்த மேடு யாருடையது என்று அவர்களுக்கே தகராறு. இரண்டு பெண்கள் ஒரே மேட்டுக்கு ஊற்றினார்கள். நான் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டேன்.

நான் தோண்ட மாட்டேன். ஆனால் நீ ஒன்று செய். தம்மம்பட்டிக்குப் போ. இருபத்தெட்டாம் தேதி பையை யார் வாங்கினார்கள், எங்கே வைத்தார்கள் என்று கேள். அந்த ஒன்பது நாளில் அம்மாவுக்கு யாராவது தண்ணீராவது கொடுத்தார்களா என்று கேள். அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணன்


மேட்டுக்காடு
12.1.2022

அண்ணா,

இரண்டாவது ஊசியை நான் பதியவில்லை. அன்று நான் லீவு. முதல் ஊசி ஏறிவிட்டால் எண்பத்து நான்கு நாள் கழித்துப் பெயர் தானாக மேலே வரும். வேறு யாரோ பட்டியலை முடித்திருக்கிறார்கள். ஒரு தரம் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அது நம் கையில் இல்லை. நடந்ததை எல்லாம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். வேலை போகும். போகட்டும்.

போன வியாழக்கிழமை ராசிபுரம் போய், அங்கிருந்து பஸ் மாறித் தம்மம்பட்டிக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, திரும்பிப் போகிற பஸ்ஸில் ஒரு தரம் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் இறங்கினேன்.

அங்கம்மாளின் மகள் பெயர் மஞ்சுளா. என் வயதுதான். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. ஒற்றை அறை வீடு. சுவரில் அவள் அம்மாவின் போட்டோ. நல்ல உயரமான பொம்பளை, அண்ணா. நிலைப்படிக்குக் குனிந்து நிற்கிற மாதிரி எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மாமாவின் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

வாசலில் நின்றபடியே, "எங்கம்மா பேரு சாலம்மாள்ங்க. அந்த மண்டபத்துல இருந்தாங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் யாரென்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எப்பவாவது ஒரு நாள் நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றாள்.

மண்டபத்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்திலேயே அவள் தங்கியிருக்கிறாள். திரும்பிப் போய் வரப் பஸ் கிடையாது. தினமும் ஒரு தூக்குப்போசியில் கஞ்சி வைத்துக் கந்தம்மாளிடம் கொடுத்து அனுப்புவாள். பக்கத்து டீக்கடைக்காரர் அடுப்புக் கொடுத்தாராம். பத்தொன்பதாம் தேதியிலிருந்து ஒன்பது நாளும் அந்தக் கஞ்சியைக் குடித்தது நம் அம்மா.

இரண்டு தரம் போனில் பேசவும் வைத்திருக்கிறார்கள். கந்தம்மாள் தன் போனை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்திருக்கிறாள். மஞ்சுளா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மொத தடவ பேசினப்பவே அது எங்கம்மா குரல் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. கோகிலா, கோகிலான்னு கூப்பிட்டாங்க. எங்க வீட்ல கோகிலான்னு யாரும் இல்ல. ஆனா நான் சொல்லலிங்க. சொன்னா எங்கம்மா செத்துட்டாங்கன்னு ஆயிரும்ல. நோய் வந்தா குரல் மாறும்னு சொல்லிக்கிட்டேன். நான் கோகிலாதான்மா, கஞ்சி குடிங்கன்னு சொன்னேன். குடிச்சாங்க. மறுநாள் கஞ்சி கரைக்கறப்ப, யாருக்குன்னே தெரியாம கரைக்கறேன்னு தோணுச்சு. ஆனா ஒரு நாளும் நிறுத்தலிங்க."

நான் சீட்டைக் கிழித்ததைச் சொல்லிவிட்டு அவள் காலில் விழப் போனேன். அவள் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் சீட்டப் பாத்தீங்க, நானும் குரலக் கேட்டேன். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல" என்றாள். பிறகு இருவரும் அழுதோம். ரொம்ப நேரம் அழுதோம், வெட்கமில்லாமல்.

அம்மாவை அவர்கள் ஊருக்கு மேற்கே, ஓடைக்கரையில் வைத்திருக்கிறார்கள். கூட்டிப்போய்க் காட்டினாள். மேடு சின்னதுதான். சுற்றிக் கல் வைத்திருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை விளக்குப் போடுகிறாளாம். யாருக்கு என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும்தான்" என்றாள்.

கடைசியாகப் பேசியது இருபத்தேழாம் தேதி. அதை உனக்கு எழுதவே வேண்டாம் என்று ஆறு நாள் கடிதத்தை நிறுத்தி வைத்திருந்தேன். ஆனால் இனி நமக்குள் மறைப்பது வேண்டாம். மஞ்சுளா சொன்னாள்:

"அன்னிக்குக் குரல் ரொம்ப இறங்கிப்போச்சு. 'தனா வந்துட்டானா'ன்னு கேட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியல, பையனா இருக்கும்னு நெனச்சேன். 'வந்துட்டான்மா'ன்னேன். 'சாப்ட்டானா'ன்னாங்க. 'சாப்ட்டான், பக்கத்துலதான் இருக்கான்'னேன். அதுக்கப்புறம் அவங்க ஒண்ணும் கேக்கலிங்க."

கோகிலா


தம்மம்பட்டி
3.2.2022

கோகிலா,

கணக்கை முடித்துக்கொண்டு ஈஸ்வர் லாரியிலேயே வந்துவிட்டேன். நம்மூர் விலக்கில் இறக்கிவிடவா என்று கேட்டான். வேண்டாம் என்று சேலத்தில் இறங்கி, பஸ் பிடித்து நேராக இங்கே வந்தேன்.

இரண்டு மணி நேரம் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் என்ன பேசினேன் என்று எழுத வராது. வந்துவிட்டேன் என்று சொன்னேன், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். காற்றுகூட இல்லை. எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தேன். மஞ்சுளா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். எனக்கு இறங்கவில்லை. "சாப்பிடுங்க. நான் உங்கம்மாகிட்டப் பொய் சொல்லியிருக்கேன், அத நீங்கதான் மெய்யாக்கணும்" என்றாள். சாப்பிட்டேன்.

இந்தக் கடிதத்தை இங்கேயிருந்தே தபாலில் போடுகிறேன். சனிக்கிழமை காலை ஊருக்கு வருகிறேன். மஞ்சுளாவும் கூட வருகிறாள். அவள் அம்மா எங்கே இருக்கிறாள் என்று நீதான் காட்ட வேண்டும்.

தனா